மேடைக்குக் கூப்பிட்டால் எப்படித் தப்பிப்பது?

அக்காக்களே, சிரிக்காமல் படித்துவிட்டு பதில் போடுங்கள். நான் காட்பாடி. என் சித்தி மகளுக்கு அடுத்த மாதம் அமெரிக்காவில் கல்யாணம், அதற்கு முன்னால் தோழிகள் எல்லாம் சேர்ந்து லாஸ் வேகாஸில் சிப்பெண்டேல்ஸ் ஷோவுக்கு எனக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிட்டார்கள். சட்டை இல்லாமல் காலரும் போ டையும் மட்டும் மாட்டிக்கொண்டு ஆண்கள் ஆடுவார்களே, அதுதான். (1979இல் லாஸ் ஏஞ்சல்ஸில் இதைத் தொடங்கியவர் மும்பையில் பிறந்த சோமேன் பானர்ஜியாம், நம்ம நாட்டுக்காரர்!)

பார்ப்பதில் எனக்குக் கூச்சம் இல்லை. ஆனால் ஆடிக்கொண்டே கீழே இறங்கி வந்து, கூட்டத்திலிருந்து ஒருத்தியை மேடைக்கு இழுத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றி ஆடுவார்களாமே, அதை நினைத்தால்தான் வயிற்றைக் கலக்குகிறது. போன வருஷம் சத்துவாச்சாரியில் ஒரு ரிசப்ஷனில் ஆர்கெஸ்ட்ராக்காரர் மைக்கை என் பக்கம் நீட்டியதற்கே கையில் ஐஸ்கிரீம் கப்போடு பந்திக்கூடத்துக்குள் ஓடியவள் நான், பாதி ஐஸ்கிரீம் புடவையில்.

போய் வந்தவர்கள் சொல்லுங்கள், எந்த வரிசையில் உட்கார்ந்தால் கண்ணில் படமாட்டேன்? வேண்டாம் என்று கை காட்டினால் விட்டுவிடுவார்களா? எல்லாரும் டிப்ஸ் கொடுப்பார்களா, எவ்வளவு? அப்புறம், உள்ளே போனில் படம் எடுக்க விடுவார்களா? என்னை யாராவது எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டு, அது எங்கள் குடும்ப குரூப்புக்கு வந்தால் அவ்வளவுதான், மாமியாரும் அதில் இருக்கிறார்.

வீட்டுக்காரருக்குத் தெரியும், அவர்தான் அதிகமாகச் சிரிக்கிறார். சுடிதார் போதுமா, அதையும் சொல்லிவிடுங்கள்.