மிராக்சோன்: ஈர்ப்பியா, வாடையா?

நண்பர்களுக்கு வணக்கம்.

நத்தை நீரில் கசியவிடும், ஒட்டுண்ணிப் புழுவின் இளவுயிரி நத்தையைக் கண்டடைய உதவும் பொருள் மிராக்சோன். அதற்குத் தமிழில் 'ஈர்ப்பி' என்று நேற்று நம் குழுவில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். சின்னச் சொல், வாயில் நிற்கிறது. ஆனால் தண்ணீரில் நடப்பது வேறு. அதனால் எனக்கு மனம் ஒப்பவில்லை.

ஆப்பிரிக்காவிலும் பிரேசிலிலும் நத்தைக்காய்ச்சல் தரும் சிஸ்டோசோமா மான்சோனி புழுவையே எடுத்துக்கொள்வோம். நோயாளியின் மலத்தோடு முட்டை குளத்தில் சேர்கிறது. அது பொரிந்து மிராசிடியம் என்ற இளவுயிரி வருகிறது. உடம்பெல்லாம் நீந்த உதவும் நுண்மயிர் போன்ற குற்றிழை (இலங்கையில் பிசிர்). எதையும் தின்னாது. கட்டுச்சோறு போல உடலில் இருக்கும் கிளைகோஜன் தீருமுன், சில மணி நேரத்துக்குள், பயோம்பலேரியா நத்தை ஒன்றுக்குள் புகுந்தாக வேண்டும்.

நத்தையின் கசிவு கலந்த நீருக்கு வந்ததும் அது நூல் பிடித்தாற்போல் நத்தையிடம் போவதில்லை. அடிக்கடி வளைந்து திரும்புகிறது. கசிவின் செறிவு குறைந்தால் சட்டென்று வந்த பக்கமே நீந்துகிறது. தடம் விட்டுப்போன இடத்தில் மோப்ப நாய் திரும்புமே, அப்படி. நத்தை எதையும் இழுக்கவில்லை. தன் கசிவாலேயே மாட்டிக்கொள்கிறது. 'ஈர்ப்பி' என்றால் மாணவர் மனதில் காந்தம்தான் வரும்.

இந்தக் கசிவுப் பொருளுக்கு ஆய்வாளர் செர்னின் 1970-இல் மிராக்சோன் என்று பெயர் வைத்தார். 2019-இல் அந்த நத்தையில் இளவுயிரியைத் திரும்பவைக்கும் பெப்டைடு (சில அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலி) ஒன்றைக் கண்டு பி12 என்றார்கள். தமிழில் அப்படியே எழுதினால் வைட்டமின் என்றுதான் படிப்பார்கள். அதற்காகவும் நமக்கு ஒரு சொல் வேண்டும்.

என் பரிந்துரை: நத்தைவாடை. பாட்டி கதையில் அரக்கன் 'மனுச வாடை அடிக்குதே' என்பான். ஒளிந்திருப்பவன் வேண்டுமென்று விடுவதல்ல வாடை. தேடி வருகிறவனுக்குத்தான் அது உதவும்.

*

மறுமொழி: அம்மா, வாடை என்றால் வடகாற்றும் ஆயிற்றே என்று முதலில் தயங்கினேன். நத்தையோடு சேர்த்து எழுதினால் அந்தக் குழப்பம் இல்லை, சரி. ஆனால் பெப்டைடு மட்டுமல்ல, சர்க்கரை கோத்த பெரிய மூலக்கூறுகளும் அந்தக் கசிவில் இதே வேலையைச் செய்கின்றன. அதனால் கலவை முழுவதற்கும் நத்தைவாடை, அதிலுள்ள ஒவ்வொன்றுக்கும் வாடைப்பொருள் என்று பிரித்துக்கொள்வோம். வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: "நத்தைவாடை குறையும் இடத்தில் இளவுயிரி திரும்பி நீந்தும்." பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட விளக்கம் கேட்காமல் புரியும்.