சந்தேகம்: ஒலிம்பஸ் ஓஎம்-1, 1/1000-இல் ஒரு பக்கம் இருட்டு, ஆரஞ்சுக் கீற்று, மெலிந்த நெகட்டிவ்

கேள்வி

வணக்கம். செகண்ட்ஹேண்டில் ஒலிம்பஸ் ஓஎம்-1 ஃபிலிம் கேமரா ஒன்றை 50 மி.மீ. எஃப்/1.8 ஸுய்கோ லென்ஸோடு வாங்கியிருக்கிறேன். 400 ஐஎஸ்ஓ கலர் நெகட்டிவ் ஒரு ரோல் போட்டுப் பார்த்ததில் வந்த கோளாறுகள் இவை.

1/1000 செகண்டு ஷட்டர் வேகத்தில் எடுத்த எல்லாப் படங்களிலும் ஒரே ஓரத்தில் கால்வாசி இருட்டு. 1/500-இல் அதே ஓரம் சற்று மங்கல். 1/250-இலும் அதற்குக் குறைந்த வேகங்களிலும் குறை தெரியவில்லை. சில படங்களில் மட்டும் ஆரஞ்சு நிறக் கீற்று. இதெல்லாம் போக, மொத்த ரோலும் ஒரு ஸ்டாப் குறைவாக, அதாவது பாதி ஒளியே விழுந்து, எக்ஸ்போஸ் ஆனதுபோல் இருக்கிறது. கேமராவின் ஒளி மீட்டர் காட்டியபடிதான் வைத்தேன். பேட்டரி எல்ஆர்44, வளையம் மாட்டிப் போட்டது. வியூஃபைண்டரில் குறுக்கே ஒரு கறுப்புக் கோடும் உண்டு, ஆனால் அது படத்தில் விழவில்லை.

எதை நானே பார்த்துக்கொள்ளலாம், எதை ரிப்பேருக்குக் கொடுக்க வேண்டும்? இன்னொன்று: பென்டாக்ஸ் ஸ்பாட்மேட்டிக் ஒன்று சூப்பர்-டக்குமார் 50 எஃப்/1.4 லென்ஸோடு விற்பனைக்கு வந்திருக்கிறது. லென்ஸ் கண்ணாடி டீ நிறத்தில் தெரிகிறது. வாங்கலாமா?

பதில் 1

கேமராவில் ஸ்க்ரூடிரைவர் வைப்பதற்கு முன் நெகட்டிவ்வைப் பாருங்கள். ஸ்கேனைப் பார்த்துப் பயனில்லை. ஸ்கேன் செய்யும்போது ஓரத்தை வெட்டிவிடுவார்கள், உங்களுக்கு வேண்டிய விடையெல்லாம் அந்த ஓரத்தில்தான் இருக்கும். பின்னால் வெளிச்சம் வைத்து மூன்று விஷயம் பார்த்துச் சொல்லுங்கள்.

ஆரஞ்சுக் கீற்று படச் சட்டத்தோடு நிற்கிறதா, துளைகளைத் தாண்டி ஃபிலிமின் விளிம்புவரை போகிறதா? சட்டத்துக்குள் நின்றால் ஷட்டர் திரையில் (ஃபிலிமை மறைத்திருக்கும் துணியில்) ஊசித்துளை இருக்கலாம். விளிம்புவரை போனால் திரைமேல் குற்றமில்லை, பின்கதவு வழியாக ஒளி கசிகிறது. நிறமும் ஒரு தடயம்: கலர் நெகட்டிவ்வில் சிவப்பை உணரும் அடுக்கு அடியில் இருப்பதால், ஃபிலிமின் முதுகுப்பக்கமிருந்து வரும் ஒளி முதலில் அதைத்தான் தாக்கும். படத்தில் அது ஆரஞ்சு, சிவப்பாக விழும்.

இருட்டு குட்டைப் பக்கத்தில் விழுகிறதா, நீளப் பக்கத்திலா? நீளப் பக்கம் என்றால் லென்ஸுக்குப் பின்னால் சாய்வாக நிற்கும் ரிஃப்ளெக்ஸ் கண்ணாடி மேலே போகத் தாமதிக்கிறது. குட்டைப் பக்கம் என்றால் ஷட்டர் திரை.

கடைசியாக, விளிம்பில் இருக்கும் ஃபிலிம் பெயரும் எண்களும். அவை தொழிற்சாலையிலேயே பதித்தவை, உங்கள் கேமராவுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. அவையும் வெளிறியிருந்தால் டெவலப்பிங் குறை. அவை நல்ல அடர்த்தியில் இருந்து படம் மட்டும் மெலிந்திருந்தால் எக்ஸ்போஷர் குறை.

கேட்டவர்

பார்த்துவிட்டேன். கீற்று துளைகளைத் தாண்டி விளிம்புவரை போகிறது. இருட்டு குட்டைப் பக்கத்தில், உள்ளிருந்து ஓரத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அதிகமாகிறது. விளிம்பு எழுத்துகள் தெளிவாக, அடர்த்தியாக இருக்கின்றன.

பதில் 2

அப்படியானால் மூன்றும் தனித்தனிக் கோளாறு. ஷட்டரிலிருந்து தொடங்குகிறேன்.

ஓஎம்-1-இல் இரண்டு துணித் திரைகள் பக்கவாட்டில் ஓடும். முதல் திரை திறந்துகொண்டே போகும், இரண்டாவது மூடிக்கொண்டே பின்னால் வரும். ஃபிளாஷ் 1/60-இல் ஒத்துப்போகிறது என்றால் திரை 36 மி.மீ. தூரத்தை 16 மில்லிசெகண்டுக்குள் கடந்துவிடுகிறது என்று பொருள். 1/1000-இல் இரண்டு திரைக்கும் நடுவே உள்ள இடைவெளி சுமார் 3 மி.மீ.தான், நேரக்கணக்கில் 1 மில்லிசெகண்டு. ஓட்டத்தின் கடைசியில் முதல் திரை வெறும் அரை மில்லிசெகண்டு பின்தங்கினால் அங்கே பாதி ஒளி போய்விடும். முழு 1 மில்லிசெகண்டு பின்தங்கினால் இடைவெளி மூடியே விடும், அந்த ஓரம் இருட்டு. அதே 1 மில்லிசெகண்டு 1/500-இல் பாதி ஒளியைத் தின்னும், 1/250-இல் கால் பங்கைத்தான். கால் பங்கு குறைவு கண்ணுக்குத் தெரியாது. உங்கள் படங்கள் இந்தக் கணக்கை அப்படியே காட்டுகின்றன.

காரணம் பெரும்பாலும் திரை உருளைகளின் அச்சில் காய்ந்துபோன எண்ணெய். இது வீட்டு மேஜையில் செய்யும் வேலை இல்லை. சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, திரை இழுவிசையைக் கருவி வைத்து அளந்து சரிசெய்பவரிடம் கொடுங்கள். அதுவரை 1/250-க்கு மேல் போகாமல் எடுத்தால் படம் நன்றாகவே வரும்.

பதில் 3

ஃபிலிம் இல்லாமல் 1/1000-இல் ஒரு நூறு, இருநூறு தடவை ஷட்டரை அடித்துப் பாருங்கள். நெடுநாள் சும்மா கிடந்த கேமராவாக இருந்தால் இதிலேயே இளகிவிடும். காசு செலவழிப்பதற்கு முன் இதைச் செய்துவிடலாம்.

பதில் 2

சோதனைக்காக அடிப்பதில் தவறில்லை. ஆனால் அதைச் சிகிச்சையாக எண்ண வேண்டாம். கெட்டியான எண்ணெய் சற்று நகர்ந்து வழிவிடும், கேமரா ஒரு வாரம் உள்ளே கிடந்தால் மறுபடி பழைய நிலைக்கு வரும். உலர்ந்த அச்சை வலுக்கட்டாயமாக ஓட்டினால் தேய்மானமும் கூடும்.

இதைவிட மோசம், சுத்தம் செய்யாமல் ஸ்பிரிங் இழுவிசையை மட்டும் கூட்டிவிடுவது. 1/1000 அப்போதைக்குச் சரியாகும், திரைக்கும் அதை இழுக்கும் நாடாவுக்கும் வாழ்நாள் குறையும். ரிப்பேருக்குக் கொடுக்கும்போது "முதலில் சுத்தம், பிறகு இழுவிசை" என்று வாய்விட்டுச் சொல்லிக் கொடுங்கள்.

பதில் 4

ஆரஞ்சுக் கீற்று நீங்களே சரிசெய்யக்கூடியது. பின்கதவு பதியும் பள்ளங்களிலும் கீல் பக்கத்திலும் பாலியூரித்தேன் ஃபோம் ஒட்டியிருப்பார்கள். ஈரப்பதத்தில் அது சிதைந்து தார்போல ஆகிவிடும். பல்குத்தும் குச்சியால் தொட்டால் கறுப்பாக இழுபட்டு வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மாற்ற வேண்டியதுதான். சில படங்களில் மட்டும் கீற்று வருவதற்குக் காரணம், இரண்டு படங்களுக்கு நடுவே கேமரா வெளிச்சத்தில் கிடந்த நேரம்.

தேவையானவை: 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், நுனியைத் தட்டையாகச் சீவிய மூங்கில் குச்சி, காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, 1.5 மி.மீ. தடிமனில் ஒரு பக்கம் பசையுள்ள கறுப்பு ஃபோம், கூர்மையான பிளேடு, இரும்பு ஸ்கேல். உலோகக் கருவி வேண்டாம், பெயின்ட் உரியும்; பெயின்ட் உரிந்த இடம் பளபளத்து உள்ளே ஒளியைச் சிதறடிக்கும்.

முதலில் ஷட்டர் சன்னலின்மேல் ஒரு காகிதத்தை வைத்து, அதிகம் ஒட்டாத டேப்பால் ஓரங்களை மட்டும் பிடித்துவையுங்கள். டேப் திரையில் படவே கூடாது. கேமராவைச் சாய்த்துப் பிடித்தால் துணுக்குகள் உள்ளே போகாமல் வெளியே விழும். ஆல்கஹாலைக் குச்சி நுனியில் தொட்டுத் தடவி இரண்டு மூன்று நிமிடம் ஊறவிட்டு, பிறகு வழித்தெடுங்கள். ஊற்ற வேண்டாம். பள்ளத்தின் அடி உலோகம் தெரியும்வரை விடாதீர்கள். பழைய பிசின் மிச்சமிருந்தால் புதிய பசை பிடிக்காது.

புது ஃபோமைப் பள்ளத்தின் அகலத்துக்கு வெட்டி, பசைப்பக்கத்தை லேசாகத் தண்ணீரால் ஈரப்படுத்திக்கொள்ளுங்கள். உடனே பிடித்துக்கொள்ளாது, நேராக நகர்த்திப் பொருத்த அவகாசம் கிடைக்கும். கதவை மூடும்போது அழுத்தம் கொடுக்க வேண்டியிருந்தால் தடிமன் அதிகம். கதவு முழுதாகப் பதியாமல் ஃபிலிமின் சமதளம் கெட்டுப்போகும். அதற்கு ஒரு அளவு மெல்லியது போடுவது மேல்.

ரிஃப்ளெக்ஸ் கண்ணாடி மேலே மோதும் இடத்திலும் ஒரு ஃபோம் பட்டை இருக்கும். அதைத் தொடுவதற்கு முன் ஃபோகசிங் ஸ்க்ரீனைக் கழற்றிவிடுங்கள். ஓஎம்-1-இல் லென்ஸ் வாய் வழியாகவே அது கழன்று வரும். அது பிளாஸ்டிக், ஆல்கஹால் ஒரு சொட்டு பட்டாலும் கறை போகாது. ரிஃப்ளெக்ஸ் கண்ணாடியின் பூச்சு மேற்பரப்பிலேயே இருக்கிறது, அதையும் துடைக்க வேண்டாம்.

வியூஃபைண்டர் கறுப்புக் கோட்டுக்கும் வேர் இந்த ஃபோம்தான். ஓஎம்-1, ஓஎம்-2 இரண்டிலும் பிரிசத்தை (வியூஃபைண்டருக்குள் இருக்கும் கண்ணாடிக் கட்டியை) ஒட்டி ஃபோம் வைத்திருக்கிறார்கள். அது கரைந்து வெள்ளிப் பூச்சை அரித்துவிடும். அரித்த பூச்சு திரும்பாது. ஓடாத ஓஎம்-10 ஒன்றிலிருந்து பிரிசம் எடுத்துப் போடுவது வழக்கம். அரிப்பு மேலும் பரவாமலிருக்க, ஷட்டர் வேலைக்குக் கொடுக்கும்போதே மேல்தட்டைத் திறந்து அந்த ஃபோமை எடுத்துவிடச் சொல்லுங்கள்.

பதில் 5

மெலிந்த நெகட்டிவ்வுக்கு உங்கள் எல்ஆர்44 பேட்டரிதான் காரணம். ஓஎம்-1 மீட்டர் 1.35 வோல்ட் பாதரச செல்லுக்கு அளவு செய்யப்பட்டது. ஆல்கலைன் புதிதாக 1.5 வோல்ட்டுக்கு மேல் தரும். மீட்டர் முள் தேவைக்கு மேல் ஏறும், "வெளிச்சம் அதிகம்" என்று நம்பி நீங்கள் அப்பர்ச்சரை (லென்ஸின் ஒளித் திறப்பை) குறைப்பீர்கள். ஐஎஸ்ஓ டயலில் 400-க்குப் பதில் 200 வைத்துச் சமாளிக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். ஆல்கலைன் செல் பயன்படுத்தப் பயன்படுத்த வோல்ட் இறங்கிக்கொண்டே வரும், வெளிச்சத்தின் அளவுக்கேற்பப் பிழையும் மாறும். ஆகவே அந்தத் திருத்தம் நிலைக்காது.

நம்பகமான வழி, சில்வர் ஆக்சைடு எஸ்ஆர்44 செல்லோடு ஷாட்கி டையோடு வைத்த அடாப்டர். 1.55 வோல்ட்டில் சுமார் 0.2 வோல்ட்டை டையோடு இறக்கிவிடும், செல் தீரும்வரை வோல்ட் மாறாது. இன்னொரு வழி காது கேட்கும் கருவிக்கான 675 ஜிங்க்-ஏர் செல், 1.4 வோல்ட். மேல் ஒட்டுத்தாளை உரித்துச் சில நிமிடம் காற்றுபட வைத்துப் போட வேண்டும். உரித்தபின் பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும் இரண்டொரு மாதத்தில் தீர்ந்துவிடும்.

எதைப் போட்டாலும் சரிபாருங்கள். ஒரே நிறச் சுவர் ஒன்றை நல்ல வெளிச்சம், நடு வெளிச்சம், மங்கல் என்று மூன்று நிலையில், நம்பகமான இன்னொரு மீட்டரோடு ஒப்பிடுங்கள். மூன்றிலும் ஒரே அளவு வித்தியாசம் என்றால் ஐஎஸ்ஓ டயலில் சரிக்கட்டலாம். வித்தியாசம் மாறிக்கொண்டே இருந்தால் மீட்டரில் ஒளியை உணரும் சிடிஎஸ் செல் தளர்ந்திருக்கலாம். மேலே இடப்பக்கம் உள்ள மீட்டர் சுவிட்சை வேலை முடிந்ததும் அணைத்துவிடுங்கள்.

பதில் 6

ஸ்பாட்மேட்டிக் பற்றி. பேட்டரித் தொல்லை அதில் இல்லை. 1964-இல் வந்த அந்த முதல் ஸ்பாட்மேட்டிக்கின் மீட்டர் பிரிட்ஜ் சர்க்யூட். முள் நடுவில் நிற்பது இருபக்கச் சமநிலையைக் காட்டுவது, வோல்ட் கொஞ்சம் மாறினாலும் நடு மாறாது. 394 சில்வர் செல்லைச் சுற்றி ரப்பர் வளையம் போட்டால் போதும்.

டீ நிறத்துக்குக் காரணம் தோரியம் கலந்த கண்ணாடி. அந்த லென்ஸின் ஏழு கண்ணாடி வடிவத்தில் பின்பக்கத் தொகுதியில் அது இருக்கிறது, வருடம் போகப்போக மஞ்சளாகும். அழுக்கும் இல்லை, பூஞ்சையும் இல்லை, யூவி ஒளியில் தெளியும். பின்பக்கத்தை யூவி எல்இடி விளக்கைப் பார்த்து வைத்து, முன்பக்கம் அலுமினியத் தாள் போட்டு மூடிச் சில நாள் விடுங்கள். வெயிலில் வைப்பதானால் இரண்டு எச்சரிக்கை: லென்ஸ் ஒளியைக் குவித்துத் தீ மூட்டும், சூட்டில் கிரீஸ் இளகி அப்பர்ச்சர் தகடுகளில் ஏறும். கதிர்வீச்சைப் பொறுத்தவரை, கேமராவில் மாட்டிப் படமெடுப்பதில் கவலைப்பட ஏதுமில்லை. கண்ணாடியைத் தேய்ப்பதோ, கண்ணில் வைத்துப் பார்க்கும் லென்ஸாகப் பயன்படுத்துவதோ கூடாது.

ஆகவே மஞ்சளைப் பார்த்து விலகாதீர்கள். விலக வேண்டிய காரணங்கள் வேறு. பின்னாலிருந்து டார்ச் அடித்துச் சாய்வாக எடுத்த படம் கேளுங்கள். சிலந்தி வலைபோன்ற இழை தெரிந்தால் பூஞ்சை; துடைத்தாலும் பூச்சில் அரித்த தடம் தங்கிவிடும். சமமான பால்மங்கல் என்றால் எண்ணெய் ஆவி, பெரும்பாலும் துடைக்கலாம். ஓரத்தில் வானவில் வளையம் என்றால் இரண்டு கண்ணாடியை ஒட்டிய பிசின் பிரிந்திருக்கிறது, அதை விட்டுவிடுங்கள். நாலைந்து தூசியும் முன்கண்ணாடியில் மெல்லிய துடைப்புக் கோடும் படத்தில் தெரியாது. பின்கண்ணாடிக் கீறல் தெரியும்.

அப்பர்ச்சருக்கு வீடியோ கேளுங்கள்: எஃப்/16, ஆட்டோ நிலை, பின்னால் உள்ள ஊசியை அழுத்தி விட வேண்டும். தகடுகள் சட்டென்று மூடித் திறக்க வேண்டும், சோம்பினால் எண்ணெய். கேமராவுக்கு 1 செகண்டு, 1/15 இரண்டின் சத்தம் கேட்கும்படி வீடியோ. 1 செகண்டு நடுவில் திக்கினால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கிறது, 1/1000 போன்ற வேகங்களும் தப்பாக இருக்கலாம். "எல்லா வேகமும் வேலை செய்கிறது" என்று விற்பவர் எழுதுவது, சத்தம் வருகிறது என்பதற்குமேல் எதையும் சொல்லாது.

கேட்டவர்

ஒளி சென்சார் வைத்து 1/1000-ஐ அளந்தேன். திரை புறப்படும் ஓரத்தில் 1.1 மில்லிசெகண்டு, நடுவில் 0.7, முடியும் ஓரத்தில் 0.1. ஃபோமை நானே மாற்றிக்கொள்கிறேன், கேமராவை ஷட்டருக்கும் பிரிசத்துக்கும் கொடுக்கிறேன். திரும்பி வந்ததும் எப்படிச் சோதிப்பது?

பதில் 2

1.1, 0.7, 0.1 என்றால் சந்தேகமே இல்லை, முதல் திரையை இரண்டாவது துரத்திப் பிடிக்கிறது. இந்த எண்களை எழுதி கேமராவோடு கொடுங்கள். திரும்பி வந்ததும் அதே மூன்று இடத்தில் அளக்கச் சொல்லிப் புது எண்களை வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருப்பது, துல்லியமாக 1.0 வருவதைவிட முக்கியம்.

பிறகு ஒரு ரோல். ஒளி மாறாத வேளையில், நிழலில் உள்ள வெறும் சுவரை சட்டம் நிரம்ப, ஃபோகஸைச் சற்றுத் தவறவிட்டு எடுங்கள்: 1/1000 எஃப்/2.8, 1/500 எஃப்/4, 1/250 எஃப்/5.6, 1/125 எஃப்/8, 1/60 எஃப்/11, 1/30 எஃப்/16. ஆறு நெகட்டிவ்வும் ஒரே அடர்த்தியில், ஒவ்வொன்றும் இடமிருந்து வலம் சமமாக இருக்க வேண்டும். ஃபோம் வேலைக்கு, அதே ரோலில் ஏழாவது படத்துக்குப் பின் கேமராவின் முதுகை வெயிலில் காட்டி, கீல் பக்கம், தாழ்ப்பாள் பக்கம் என்று ஐந்து நிமிடம் வைத்துவிட்டு எட்டாவதை எடுங்கள். ஏழு, எட்டு இரண்டின் விளிம்பும் சுத்தமாக இருந்தால் கதவு சரி. கழுவும்போது ஃபிலிமை வெட்டாமல் முழு நீளமாகத் தரச் சொல்லுங்கள்.