மறு: கலைச்சொல் – முந்தவிடல், முந்துகுறி

அண்ணே, வணக்கம்.

> 'முன்னுரிமை' நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

ஓடுகிறதுதான். நெட்வொர்க்கில் நெரிசல் வரும்போது அவசரத் தரவை முதலில் போகவிடுவதற்குத்தான் ('பிரயாரிட்டி') சொல் தேடுகிறோம். ஆனால் 'உரிமை' என்றதும் அது கருவிக்கே எழுதிக்கொடுத்த மாதிரி ஆகிவிடுகிறது. நெஞ்சில் ஒட்டிய ஒரே ஈசிஜி கருவிதான் அன்றாட அளவீட்டையும் அனுப்புகிறது, துடிப்பு தாறுமாறானால் எச்சரிக்கையையும் அனுப்புகிறது. முதலாவது சற்றுத் தாமதித்தால் குடிமுழுகாது. இரண்டாவது நிற்கவே கூடாது. பொறியாளர் அமைப்பான ஐஇஇஇ, உடலோடு ஒட்டிய கருவிகளுக்கென வகுத்த 802.15.6 தரநிலை (2012) 0 முதல் 7 வரை எட்டுப் படி வைத்து, சாதாரண மருத்துவத் தரவுக்கு 5, அவசரச் செய்திக்கு 7 என்று பிரித்திருக்கிறது. கருவியைப் பார்த்தல்ல, செய்தியைப் பார்த்துத்தான் படி கிடைக்கிறது.

காரைக்குடிப் பக்கம் வீடுகளுக்கு நெட்வொர்க் போடுகிறவன் நான். ரவுட்டர் முகப்பில் இருக்கும், நெஞ்சில் கருவியோடு ஆச்சி உள்ளே இரண்டாங்கட்டில் படுத்திருப்பார். இடையில் வளவு என்னும் நடுமுற்றமும் கனத்த சுவர்களும். அதைக்கூட நடுவே வைஃபையை நீட்டிக்கொடுக்கும் ஒரு ஆக்சஸ் பாயிண்ட் வைத்துச் சமாளிக்கலாம். பிள்ளைகள் சிங்கப்பூரிலிருந்து பார்க்கவென்று மாட்டிய கேமராக்கள் அப்லோடை மொத்தமாக அடைத்துக்கொள்வதுதான் தலைவலி. நொடிக்கு 250 முறை, முறைக்கு 12 பிட் வீதம் அளந்தாலும் ஒரு ஈசிஜி தடத்துக்கு நொடிக்கு 3 கிலோபிட் போதும். இத்துணூண்டு தரவு, கேமராப் படத்துக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது!

'முந்தல்' என்றால் டவுன் பஸ் ஓவர்டேக் எடுப்பதுபோல இருக்கிறது என்றீர்கள். நியாயம். அதனால்தான் 'முந்தவிடல்'. பேக்கெட், அதாவது தரவுத் துண்டு, தானாக முந்துவதில்லை, ரவுட்டர் விட்டால்தான் உண்டு. பேக்கெட்டின் மேல் எழுதியிருப்பது 'முந்துகுறி': ஒவ்வொரு பேக்கெட்டின் முன்னாலும் முகவரி தாங்கி வரும் ஐபி தலைப்பில் அதற்கு 6 பிட், 64 மதிப்புகள், குரல் அழைப்புக்கு வழக்கமாக 46. வீட்டைத் தாண்டியதும் இணைய நிறுவனம் பல நேரம் அந்தக் குறியை அழித்துவிடுகிறது. குறி போட்டோமே, ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்பவருக்கு இரண்டு சொல்லும் தனித்தனியாக இருந்தால்தான் விளக்க முடியும்.

சிறு கருவிகள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் எம்கியூடிடி நெறிமுறையின் 0, 1, 2 நிலைகளை இதில் சேர்க்க வேண்டாம். அவை செய்தி போய்ச் சேருமா என்பதற்கான உறுதி மட்டுமே; 'சேர்ப்புறுதி' என்று தனியாக வைப்போம்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. மேல்வரிசையையே விட்டுக்கொண்டிருந்தால் கீழ்வரிசை நகராமல் கிடக்குமே, ஆங்கிலக்காரர் அதைப் பட்டினி என்கிறார்கள். 'முடக்கம்' ஏற்கெனவே வேறு பொருளில் புழங்குகிறது. 'தேங்கல்' சரிப்படுமா?