120 நாள் பேமென்ட்: 3 சதவீதம் விட்டுக்கொடுத்து 10 நாளில் வாங்கலாமா?

கணபதி_டர்னர்

வணக்கம். கோவை கணபதியில் இரண்டு சிஎன்சி லேத் (கம்ப்யூட்டரில் ஓடும் கடைசல் மெஷின்) வைத்து ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலி வேலை செய்கிறேன். பம்ப் ஷாஃப்ட் டர்னிங்தான் முக்கால்வாசி வேலை, அதுவும் ஒரே கம்பெனிக்கு. மாதம் 4 லட்சம் பில். பேசியது 45 நாள், பணம் வருவது 120 நாளில். ஆனால் பில் போட்ட அடுத்த மாதமே ஜிஎஸ்டி கட்டியாக வேண்டும். சனிக்கிழமை ஆட்களுக்குச் சம்பளம். இன்செர்ட் (லேத்தில் மாட்டும் வெட்டுமுனை) கடைக்காரர் ஒரு மாதத்துக்கு மேல் பொறுக்க மாட்டார். எல்லாவற்றையும் ஓவர்டிராஃப்டில்தான் சமாளிக்கிறேன், வட்டி 11.5 சதவீதம்.

போன வாரம் பர்ச்சேஸில் கூப்பிட்டு, "3 பர்சென்ட் கழிச்சுக்கிறோம், பத்தே நாள்ல பணம் போட்டுடறோம்" என்றார்கள். இப்போது எந்நேரமும் வெளியே நிற்பது 16 லட்சம். அது ஒன்றரை லட்சத்துக்குள் வந்துவிட்டால் மாதம் சுமார் 14,000 வட்டி மிச்சம். தள்ளுபடியில் போவது 12,000. கணக்குப்படி லாபம்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. முடியாது என்று சொல்லவும் பயம். இந்த ஷாஃப்டுக்கென்றே 1,40,000 செலவு செய்து பிக்சரும் (ஷாஃப்டைப் பிடித்து நிறுத்தும் சாதனம்) கேஜும் (அளவு பார்க்கும் கருவி) போட்டிருக்கிறேன், வேறு வேலைக்கு அவை ஆகாது. என்ன செய்யலாம்?

பழைய_பர்ச்சேஸ்

தம்பி, மனசு ஒப்பாதது சரிதான். 120ஆம் நாளிலிருந்து கணக்குப் போட்டிருக்கிறீர்கள். உங்களுக்குச் சேர வேண்டிய நாள் 45. அப்படியென்றால் அவர்கள் 35 நாள்தான் முன்னதாகத் தருகிறார்கள். அதற்கு 3 சதவீதம் என்பது ஆண்டு வட்டியாகப் பார்த்தால் 32 சதவீதத்துக்கு வரும். மீதி 75 நாள் அவர்களே இழுத்த நாள். அதை உங்களிடமே விலைக்கு விற்கிறார்கள்.

நான் 19 வருடம் ஒரு மோட்டார் கம்பெனியில் இருந்தவன். வெள்ளிக்கிழமை மதியம் பேமென்ட் லிஸ்ட் போடுவோம். முதல் பெயர் வைண்டிங் ஒயர்க்காரர். செம்பு விலை தினம் மாறும், பணம் வராமல் அவர் ஸ்பூலை இறக்க மாட்டார். அப்புறம் ஸ்டாம்பிங், பேரிங். அடுத்து ஃபவுண்டரி. அவர் நிறுத்தினால் வார்ப்புக்கான பேட்டர்னைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் தேடி, சாம்பிள் பார்த்து, ஒரு மாதம் போய்விடும். கடைசி வரி மெஷினிங் ஜாப் ஒர்க். வேலை மட்டம் என்பதால் இல்லை. ஆவாரம்பாளையத்திலிருந்து சின்னவேடம்பட்டி வரை அதே ஷாஃப்டைக் கடைந்து தர ஆள் இருந்தார்கள். யார் நிறுத்தினால் லைன் நிற்குமோ, அவருக்குத்தான் முதலில் பணம். பாங்கில் வட்டிக்கு வாங்க வேண்டிய பணத்தை உங்களைப் போன்றவர்களிடம் வட்டியில்லாமல் வாங்கிக்கொண்டிருந்தோம். அந்த லிஸ்டில் நானும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், இன்றும் உறுத்துகிறது.

பிக்சர்தான் உங்கள் பலவீனம். 2009இல் பொருளாதார நோபல் பெற்ற ஆலிவர் வில்லியம்சன் விளக்கியதும் இதைத்தான். ஒருவருக்கு மட்டுமே பயன்படும் முதலீட்டைப் போட்டுவிட்டால், அதற்குப் பிறகு பேரம் அவர் கைக்குப் போய்விடும். அடுத்த மாடலுக்கு பிக்சர் செலவை அவர்கள் தலையில் எழுதச் சொல்லுங்கள்.

வரிக்_கணக்கர்

உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு இருக்கிறதா? எண்ணை ஒவ்வொரு பில்லிலும் அச்சடியுங்கள். 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்தான் உச்சம். இல்லாவிட்டால் 15 நாள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து வருமான வரியில் 43பி(எச்) வந்துவிட்டது. குறு, சிறு நிறுவனங்களுக்குக் கெடு தாண்டி நிற்கும் பாக்கியை, பணம் கொடுத்த ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். ஆனால் மார்ச் 31க்குள் தீர்த்துவிட்டால் வரியில் அடி விழாது. அதனால்தான் மார்ச்சில் பணம் வருகிறது, ஏப்ரலில் மறுபடி இழுக்கிறார்கள்.

அவர்கள் விற்றுமுதல் 250 கோடிக்கு மேலா என்று பாருங்கள். மேலே என்றால் ட்ரெட்ஸ் என்ற, பில்லை வைத்துப் பணம் வாங்கும் ஆன்லைன் தளத்தில் கட்டாயம் பதிந்திருக்க வேண்டும். அவர்கள் பில்லை ஒப்புக்கொண்டால் பாங்குகள் ஏலம் கேட்டு உங்களுக்குப் பணம் போட்டுவிடும். வட்டி அந்த கம்பெனியின் கடன் தரத்தைப் பார்த்து அமையும். நாளை அவர்கள் கட்டாவிட்டாலும் உங்களிடம் திரும்பக் கேட்க முடியாது. ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தத்தான் வழியில்லை.

அரசூர்_மில்லிங்

நான் பாக்கித் தகராறுகளை விசாரிக்கும் எம்எஸ்எம்இ கவுன்சிலில் மனுப் போட்டு வாங்கியவன். தாமதத்துக்கு ரிசர்வ் வங்கியின் பாங்க் ரேட்டைப் போல 3 மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. தீர்ப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனால் 75 சதவீதத்தை முதலில் கட்ட வேண்டும். பணம் வந்தது, அதோடு அந்த கம்பெனி ஆர்டர் நின்றது. ஒரே கம்பெனியை நம்பி இருக்கும்வரை அந்தப் பக்கம் போகாதீர்கள். முதலில் ஒரு மெஷினை வேறு வேலைக்குத் திருப்புங்கள், டெக்ஸ்டைல் மெஷின் ஸ்பேர் ஏதாவது.

கணபதி_டர்னர்

ரொம்ப நன்றிங்க அண்ணா, எல்லோருக்கும். 35 நாளுக்கு என் ஓவர்டிராஃப்ட் வட்டி 1.1 சதவீதம்தான் ஆகிறது. அதனால் 1 சதவீதம் என்றால் சரி, இல்லாவிட்டால் 45 நாள் என்று ஆர்டரிலேயே எழுதித்தரச் சொல்லி திங்கட்கிழமை நேரில் போகிறேன். உத்யம் எண் போட்ட புது பில் புக்குக்கு இன்றே பிரஸ்ஸில் சொல்லிவிட்டேன். இரண்டாவது மெஷினுக்கு வேலை கேட்டு அரசூர் பக்கமும் வருகிறேன்.