சர்நேம் கட்டத்துல என்ன போடறது?

குழு: மாந்தோப்பு வீடு, கிருஷ்ணகிரி

பாப்பா: பாஸ்போர்ட் ஃபார்ம்ல சர்நேம்னு ஒரு கட்டம் இருக்கு. நமக்குத்தான் அது கிடையாதே, காலியா விட்டுடட்டுமா?

ஓசூர் மாமா: விடாத சாமி. 2022 நவம்பர்ல துபாய்க்காரங்க ஒத்தப் பேரு இருந்தா டூரிஸ்ட் விசாவுல உள்ள விடமாட்டோம்னாங்க. பாஸ்போர்ட்டு ரெண்டாம் பக்கத்துல அப்பா பேரு இருந்தா போதும்னு அப்புறமா எறங்கி வந்தாங்க.

தருமபுரி சித்தப்பா: பழைய பத்திரத்துல தாத்தா பேருக்குப் பின்னாடி ஒண்ணு இருக்கே. அதையே போடு, கெத்தா இருக்கும் 😎

பெரியப்பா: அது சாதிடா. 1929ல செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல வெட்டச் சொன்ன வால். எங்கப்பா தன் கையெழுத்துலேர்ந்து தானே எடுத்தாரு. அவரு எடுத்தத பேத்தி ஃபார்ம்ல ஒட்டுவீங்களா?

தருமபுரி சித்தப்பா: சும்மா சொன்னேண்ணா.

அண்ணன்: வெள்ளைக்காரங்களுக்கு மட்டும் எப்படி வந்துச்சு பெரியப்பா?

பெரியப்பா: நிறைய பேருக்கு தொழில்ல இருந்துதான். இங்கிலாந்துல ஸ்மித், ஜெர்மனில ஷ்மிட், ஹங்கேரில கோவாச், அரபுல ஹதாத். எல்லாமே கொல்லர்தான். ரஷ்யாக்காரர் குஸ்நெட்சோவ்னா கொல்லர் மகன்.

அண்ணன்: ஃபெராரி?

பெரியப்பா: அதுவும் இரும்படிக்கிற பேருதான் 😄

அண்ணன்: அப்ப அதுவும் சாதிப் பேரு மாதிரிதானே?

பெரியப்பா: ஸ்மித்து வீட்டுப் பொண்ணு டெய்லர் வீட்டுக்கு மருமகளாப் போனா அங்க யாரும் தெருவ கொளுத்தல. நம்ம பக்கத்துல என்ன நடந்துச்சுன்னு நான் சொல்ல வேணாம்.

பாகலூர் அத்தை: இங்க தெலுங்கு பேசறவங்க வீட்டுப் பேர முன்னாடியே வெச்சுக்குவாங்க. இண்ட்டி பேருன்னு சொல்லுவாங்க. மங்களூர்க்காரங்க என்னவோ பண்றாங்க, கேட்டா குழம்பிடும். சாப்பிட்டாச்சா எல்லாரும்?

பாப்பா: இப்பதான் தேடிப் பாத்தேன். ஐஸ்லாந்துல பெரும்பாலும் குடும்பப் பேரே இல்லையாம்! அப்பா பேரோட மகனுக்கு ‘சன்’, மகளுக்கு ‘டோட்டிர்’. டெலிபோன் டைரக்டரி கூட முதல் பேரு வரிசைதான். நம்ம ஆளுங்க 😍

பெரியப்பா: துருக்கில 1934ல சட்டம் போட்டுத்தான் எல்லாருக்கும் குடும்பப் பேரு வெச்சாங்க. அப்ப அதிபரா இருந்த முஸ்தபா கெமாலுக்கே ‘அத்தாதுர்க்’ அப்பதான் வந்துச்சு, துருக்கியர் தந்தைன்னு. ஜப்பான்ல சாதாரண சனங்களுக்கு 1875ல கட்டாயமாச்சு. எதுவும் பிறந்தப்பவே கூட வந்தது இல்ல.

ஓசூர் மாமா: அதெல்லாம் சரி மச்சான். இப்ப கட்டத்துல என்ன?

பாப்பா: அப்பா பேரத்தான் போடப் போறேன். இனிஷியல விரிச்சு எழுதிட்டா முடிஞ்சுது.

அம்மா: எம் பேரு போட்டா ஆகாதா?

பாப்பா: ஐஸ்லாந்துல அதுவும் உண்டும்மா 😂

ஓசூர் மாமா: ஆதார்ல எப்படி இருக்கோ அப்படியே போடு, இல்லன்னா அலைய விடுவாங்க.

பாப்பா: ஆதார்ல அம்மா பேரு ஒரு மாதிரி, டி.சி.ல ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல வேற மாதிரி இருக்கு மாமா.

அப்பா: 1500 ரூபா கட்டினது யாருன்னு ஒரு தடவ நெனச்சுப் பாருங்க.