‘சாப்பிடுவேன்’ என்பதற்கு எத்தனை ஸ்பானியம்?

குழு: நாகர்கோவில் வீடு
ஞாயிற்றுக்கிழமை

முகிலன், பகல் 1:04
கயல் அக்கா, வணக்கம். இந்தக் குழுவில் எழுத்துத் தமிழ்தான் என்று பெரியப்பா விதித்திருப்பதால் நிதானமாகவே கேட்கிறேன். தெலே பி1 என்னும் ஸ்பானிய மொழித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். ‘பணம் இருந்தால் வீடு வாங்குவேன்’ என்பதை ‘சி தெந்த்ரீயா தினேரோ, கொம்ப்ரரீயா உனா காசா’ என்று எழுதினேன். ஆசிரியர் முதல் வினையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டு, இரண்டாவதைத் தொடாமல் விட்டிருக்கிறார். இரண்டும் ஒரே நிபந்தனை வடிவந்தானே? ஒன்று மட்டும் எப்படிப் பிழையாகும்?

கயல், பகல் 1:31
தம்பி, ஸ்பெயினில், இங்கே பில்பாவோவில் இப்போதுதான் காலை பத்து மணி. காப்பி குடித்துக்கொண்டே எழுதுகிறேன். அந்தப் பெயர்தான் உன்னை ஏமாற்றியிருக்கிறது. ‘நிபந்தனை வடிவம்’ என்று பெயர் வைத்திருந்தாலும், அது நிபந்தனை சொல்லும் பாதியில் வராது. விளைவைச் சொல்லும் பாதியில்தான் வரும். ‘சி’ என்று தொடங்கும் பாதிக்கு, நடக்காததை நடந்ததுபோல் எண்ணிச் சொல்லும் வேறொரு வடிவம் உண்டு. ஆகவே ‘சி துவியேரா தினேரோ, கொம்ப்ரரீயா உனா காசா’ என்பதே சரி. கையில் பணம் வரக்கூடும் என்று உண்மையாகவே எதிர்பார்த்துச் சொன்னால், ‘சி தெங்கோ தினேரோ, கொம்ப்ரரே உனா காசா’ என்று நிகழ்காலமும் எதிர்காலமும் போதும். தமிழில் இந்த இரண்டு மனநிலைக்கும் ‘இருந்தால் வாங்குவேன்’ என்ற ஒரே தொடர்தான்.

பெரியப்பா, பகல் 1:48
நம் மொழி நிபந்தனையின் சுமை முழுவதையும் ‘ஆல்’ என்ற ஈற்றின் தலையில் வைத்துவிட்டு, முடிக்கும் வினையைச் சாதாரண எதிர்காலமாக விட்டுவிடுகிறது. பழந்தமிழின் ‘செயின்’ என்னும் வாய்பாடும் அப்படித்தான்: மழை பெய்யின் குளம் நிறையும். ஸ்பானியமோ இரண்டு வினைகளுக்கும் தனித்தனிச் சட்டை தைத்திருக்கிறது போலும். அந்த ‘ரீயா’ எப்படி உண்டாகிறது, கயல்?

கயல், பகல் 2:05
மிக எளிது, பெரியப்பா. அகராதியில் இருக்கும் வினைவடிவத்தை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டு, அதன் பின்னால் ஈயா, ஈயாஸ், ஈயா, ஈயாமோஸ், ஈயைஸ், ஈயான் என்று ஒட்ட வேண்டும். ‘அப்லார்’ என்றால் பேசுதல். அப்லரீயா என்றால் நானோ அவரோ பேசக்கூடும் நிலை. ஆர், ஏர், ஈர் என்று மூவகை வினைகள் இருந்தும் ஈறுகள் ஒன்றே. அழுத்தம் எப்போதும் ‘ஈ’யின் மேல்தான். விதியை மீறும் வினைகள் ஏறத்தாழ ஒரு டசன். அவை எதிர்காலத்தில் எப்படி உடைகின்றனவோ அப்படியே இங்கும் உடையும்: தெனேர் தெந்த்ரீயா ஆகும், சலீர் சல்த்ரீயா ஆகும், பொதேர் பொத்ரீயா ஆகும், அசேர் வெறும் அரீயா ஆகிவிடும்.

அந்த ‘ஈயா’வுக்கு ஒரு கதை உண்டு. ‘அபேர்’ என்னும் துணைவினையின் இறந்தகால வடிவமான ‘அபீயா’ தலையை இழந்து இங்கே வாலாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1492-இல் வெளிவந்த நெப்ரிஹா என்பவரின் ஸ்பானிய இலக்கணமே இதை வினையும் துணைவினையும் சேர்ந்த சுற்றுவழி வடிவம் என்று விளக்குகிறது. பழைய ஸ்பானியத்தில் வினைக்கும் வாலுக்கும் நடுவே ‘உனக்கு’, ‘அதை’ போன்ற சொற்களைச் செருகவும் செய்தார்கள். போர்ச்சுகீசியர் எழுத்துமொழியில் இன்றும் செருகுகிறார்கள்.

பெரியப்பா, பகல் 2:12
‘வந்து இருப்பேன்’ என்ற இரண்டு சொற்கள் ‘வந்திருப்பேன்’ என்று ஒன்றானதைப் போல.

கயல், பகல் 2:15
அதே. ‘வந்திருப்பேன்’ என்பதற்கு அவர்களும் அதே துணைவினையைத்தான் கூப்பிடுகிறார்கள்: அப்ரீயா பெனீதோ. ‘மழை பெய்திருந்தால் வந்திருக்க மாட்டேன்’ என்பது ‘சி உபியேரா யோவீதோ, நோ அப்ரீயா பெனீதோ’.

முகிலன், பகல் 2:20
என்னிடம் இருக்கும் மெக்சிகோ பாடநூலில் இந்த ‘ரீயா’ வடிவத்துக்குப் ‘பொஸ்ப்ரெதெரிதோ’ என்று வேறு பெயர் போட்டிருக்கிறது. நான் அது தனியான ஒரு காலம் என்று எண்ணித் தாண்டிவிட்டேன்.

கயல், பகல் 2:26
தாண்டியது தவறு. வெனிசுவேலாவில் பிறந்த அந்த்ரேஸ் பெய்யோ 1847-இல் வெளியிட்ட இலக்கணத்தில் வைத்த பெயர் அது; இறந்தகாலப் புள்ளி ஒன்றுக்குப் பின்னால் நடக்க இருந்ததைச் சொல்வதால் அப்படி வைத்தார். ஸ்பெயினின் மொழி அகாதெமி இதைப் ‘பொதென்சியால்’ என்று தனி வினைப்பாங்காகவே நெடுங்காலம் வைத்திருந்து, 1973-இல்தான் ‘கொந்திசியோனால்’ என்று மற்றக் காலங்களோடு சேர்த்தது. என்னைக் கேட்டால் பெய்யோ வைத்த பெயரே பொருத்தம். ‘திஹோ கே பெந்த்ரீயா’ என்றால் ‘வருவேன் என்று சொன்னான்’. இதில் நிபந்தனை எங்கே இருக்கிறது?

வசந்தி சித்தி, பகல் 2:40
அடுத்த மாதம் அங்கே வரும்போது கடையில் தண்ணீர் கேட்கத் தெரிந்தால் எனக்குப் போதும், கயல்.

கயல், பகல் 2:47
அதற்கும் இதே வடிவந்தான், சித்தி. ‘மெ பொத்ரீயா த்ரயேர் அக்வா?’ என்று கேளுங்கள். ‘கொண்டு வா’ என்று ஏவாமல் ‘கொஞ்சம் தண்ணீர் கிடைக்குமா’ என்று நாம் கேட்கும் பணிவு அதில் வந்துவிடும். விருப்பத்தைப் பணிவாகச் சொல்ல ‘மெ குஸ்தரீயா’ போதும். ‘வேண்டும்’ என்பதில் மட்டும் ஒரு நுட்பம் உண்டு. இறந்தகால வடிவம் கெரீயா. நிபந்தனை வடிவம் கெறீயா. இடையின ரகரமா வல்லின றகரமா என்பதுதான் வேறுபாடு. நாகர்கோவில் நாக்குக்கு இது சிரமமே இல்லை. மாற்றிச் சொன்னாலும் காப்பி வந்துவிடும், ஏனென்றால் கடையில் பலரும் ‘கெரீயா’ என்றே பணிவாகக் கேட்கிறார்கள்.

பெரியப்பா, பகல் 2:55
ஆக, நம்முடைய ‘வேன்’, ‘உம்’ வரும் இடங்களில் எல்லாம் இந்த ‘ரீயா’வைப் போட்டுவிடலாம் என்று கொள்ளலாமா?

கயல், பிற்பகல் 3:10
அப்படிக் கொண்டுதான் நான் ஒரு வாரம் அவதிப்பட்டேன், பெரியப்பா. வந்த புதிதில் வீட்டுக்கார அம்மா என் சிறுவயதைப் பற்றி விசாரித்தார். ‘பாட்டி வீட்டில் தினமும் மீன் சாப்பிடுவேன்’ என்று மனத்துக்குள் தமிழில் சொல்லிக்கொண்டு, ‘சாப்பிடுவேன்’ என்பதைக் ‘கொமெரீயா’ என்று பெயர்த்தேன். சென்ற காலத்தின் வழக்கத்தைச் சொல்லவும் நாம் எதிர்காலத்தைத்தான் எடுக்கிறோம், ஸ்பானியர் எடுப்பதில்லை. அவர்களுக்கு அது ‘கொமீயா’. நடுவில் நுழைந்த ஓர் ‘எர்’ ஒலியால், பாட்டி வீட்டில் இருந்தால் தினமும் மீன் சாப்பிடுவேனே என்று நான் ஏங்குவதாக அந்த அம்மா புரிந்துகொண்டார். அன்றிரவு முதல் உப்புக்கண்ட மீனை ஊறவைத்து, ஆலிவ் எண்ணெயில் பூண்டோடு சேர்த்து, அந்த எண்ணெய் குழம்புபோல் கெட்டியாகும்வரை சட்டியைச் சுழற்றிச் சுழற்றிச் சமைத்தார். பக்கலாவோ அல் பில்பில் என்பது இவ்வூரின் பெருமை. ஏழு நாள் அதே பெருமை.

வசந்தி சித்தி, பிற்பகல் 3:13
நெத்திலிக் குழம்பு தின்று வளர்ந்த பிள்ளைக்கு அது தண்டனைதான்.

கயல், பிற்பகல் 3:22
ஆனால் ‘உம்’ அழகாகப் பொருந்தும் ஓரிடம் உண்டு, பெரியப்பா. கடிகாரம் பார்க்காமல் ‘அப்போது மணி மூன்று இருக்கும்’ என்கிறோமே, அதை அவர்களும் ‘செரீயான் லாஸ் த்ரேஸ்’ என்கிறார்கள். நடந்து முடிந்ததைப் பற்றிய ஊகத்துக்கு நிபந்தனை வடிவம். இப்போதைய ஊகத்துக்கு எதிர்காலம், அதாவது ‘செரான் லாஸ் த்ரேஸ்’. பத்திரிகைகளில் ‘அமைச்சர் பதவி விலகிவிட்டாராம்’ என்பதையும் ‘அப்ரீயா திமிதீதோ’ என்று எழுதுகிறார்கள். பத்திரிகை நடைக் கையேடுகள் பலவற்றுக்கு அது பிடிக்காது. தம்பி, தேர்வில் அதை எழுதாதே.

பெரியப்பா, பிற்பகல் 3:30
முகிலா, சோதித்துப் பார்ப்போம். ‘அவன் வருவேன் என்று சொன்னான். அப்போது மணி மூன்று இருக்கும். அந்நாளில் தினமும் கடற்கரைக்குப் போவேன். நேரம் இருந்தால் இன்றும் போவேன்.’ இதைப் பெயர்த்து எழுது.

முகிலன், பிற்பகல் 3:52
‘திஹோ கே பெந்த்ரீயா. செரீயான் லாஸ் த்ரேஸ். எந்தோன்சேஸ் இரீயா அ லா பிளாயா தோதோஸ் லோஸ் தீயாஸ். சி துவியேரா தியெம்போ, இரீயா தம்பியென் ஓய்.’ சரியா, அக்கா?

கயல், பிற்பகல் 4:01
மூன்று சரி. மூன்றாவது வாக்கியத்தில் ‘இரீயா’ வேண்டாம், ‘இபா’ போடு; நான் மீன் தின்ற அதே பள்ளம் அது. ‘துவியேரா’ இம்முறை இடத்தில் நிற்கிறது.

முகிலன், பிற்பகல் 4:04
திருத்திக்கொண்டேன். முதலில் எழுதிய ‘சி தெந்த்ரீயா’வை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

கயல், பிற்பகல் 4:19
வெட்கப்படாதே. பில்பாவோ இருக்கும் பாஸ்க் நாட்டிலும் புர்கோஸ், லா ரியோஹா பக்கத்திலும் மக்கள் பேச்சில் ‘சி தெந்த்ரீயா’ தாராளமாகப் புழங்குகிறது. பள்ளி ஆசிரியர்கள்தான் அடித்துத் திருத்துகிறார்கள். நீ முதலில் அனுப்பிய வாக்கியத்தை இப்போது சமையலறையில் வீட்டுக்கார அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். இரண்டு முறை கேட்டுவிட்டு, இதில் பிழை எங்கே இருக்கிறது என்று கேட்கிறார்.