ஏணியில் நிற்பவரைக் கிண்டல் செய்கிறாரா ஸ்பிட்ஸ்வெக்?

கரையான்: ஜெர்மன் ஓவியர் கார்ல் ஸ்பிட்ஸ்வெக்கின் 'புத்தகப்புழு' படத்தைப் பிரேம் போட்டு மாட்டுகிறவர்கள் அதை உற்றுப் பார்த்ததுண்டா? ஏணி உச்சியில் ஒரு கிழவர். இரண்டு கையிலும் ஒவ்வொரு புத்தகம், கக்கத்தில் ஒன்று, முழங்கால் இடுக்கில் இன்னொன்று. அலமாரியில் 'மெட்டாபிசிக்', அதாவது கண்ணுக்கு எட்டாததை ஆராயும் தத்துவம், என்று பலகை. வரைந்தது 1850 வாக்கில். 1848 புரட்சி ஜெர்மனியைக் குலுக்கிவிட்டுப் போன கையோடு! உலக உருண்டை கீழே மூலையில் கிடக்கிறது, அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இது பாராட்டா?

சாளரம்: புரட்சி நீங்கள் சேர்த்தது. படத்தில் இருப்பது வெளிச்சம். மேலிருந்து வரும் வெயில் அவர்மேலும் விரித்த பக்கத்தின்மேலும் விழுகிறது. கேலி செய்ய நினைப்பவர் ஆளை இப்படி ஒளியில் குளிப்பாட்டுவாரா? மருந்தாளுநராகப் பயின்ற ஸ்பிட்ஸ்வெக், குடும்பச் சொத்து கைக்கு வந்ததும் அந்த வேலையை விட்டுவிட்டுத் தானாகவே ஓவியம் கற்றவர். கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. தன் கூட்டத்து ஆளைத்தான் வரைந்திருக்கிறார்.

கரையான்: தன் கூட்டத்தையே கிண்டல் செய்தவர்தானே! 1839இல் வரைந்த 'ஏழைக் கவிஞன்' ஞாபகமிருக்கிறதா? ஒழுகும் பரணில் படுக்கைக்கு மேலே விரித்த குடை, அடுப்பில் எரிக்கச் சொந்தக் கையெழுத்துப் பிரதி. சிரிக்காமல் பார்க்க முடியுமா?

அடுக்குக்காரி: நான் நூலகத்தில் வேலை பார்ப்பவள். 'புத்தகப்புழு'வுக்கு ஸ்பிட்ஸ்வெக் முதலில் வைத்த பெயர் 'நூலகர்'. அப்படியென்றால் அந்தக் கிழவர் உலகத்தை மறந்தவர் இல்லை, வேலையில் இருப்பவர். அடுக்கும்போது ஒன்றைத் தெரியாத்தனமாகத் திறந்துவிட்டால் தீர்ந்தது, இறங்க மனம் வராது. கக்கத்தில் இரண்டை இடுக்கிக்கொண்டு நின்றபடியே அரைமணி நேரம் படித்திருக்கிறேன்.

சாளரம்: அதேதான் அக்கா!

கரையான்: வேலை நேரத்தில் படித்ததை ஒப்புக்கொண்டதற்கு நன்றி அக்கா :) ஆனால் கிழவரின் உடுப்பைப் பாருங்கள். முழங்காலோடு நிற்கும் காற்சட்டை. 1850இல் அது தாத்தா காலத்து உடை. ஸ்பிட்ஸ்வெக் வேண்டுமென்றேதான் மாட்டிவிட்டிருக்கிறார். அப்புறம், தரையே தெரியவில்லை. எவ்வளவு உயரம் என்று நமக்கும் தெரியாது, அவருக்கும் கவலையில்லை. விழப்போகிறார்.

சாளரம்: படத்தின் உயரம் 49.5, அகலம் 26.8 செ.மீ. அந்தக் குறுகலில் தரையையும் காட்டினால் மனிதர் எறும்பாகிவிடுவார். கண் அவர் முகத்திலேயே நிற்கட்டும் என்று வெட்டியிருக்கிறார், அவ்வளவுதான்.

கரையான்: அந்த முகம் புத்தகத்தில் மூக்கு உரசுகிற மாதிரி இருக்கிறதே, அதுவும் பாசமா?

அடுக்குக்காரி: கிட்டப்பார்வை தம்பி. எனக்கும் அப்படித்தான். விழுவது பற்றிக் கேட்டால், எங்கள் நூலக ஏணியில் மூன்றாவது படி ஆடுகிறது. எழுதிக் கொடுத்து ஒரு வருஷம் ஆகிறது.